தொட்டியா, கூரைத் தண்ணீரா, போர்ஹோலா? டோங்காட், வெருலம் வீடுகளுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

"கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி வைக்கலாமா, கூரைத் தண்ணீரைப் பிடிக்கலாமா, ஒரேயடியாகப் போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) போட்டுவிடலாமா?" தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கத்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பக்கத்து வீட்டுக்காரர் எதை வைத்தாரோ அதையே வைத்துவிட்டு, அடுத்த வருஷம் காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. தொட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தட்டுப்பாட்டுக்கு எது உதவும் என்று யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை.

இந்த வடகரையில் குழாய் மூன்று காரணங்களால் நிற்கிறது. முதலாவது, குழாய் உடைப்பு அல்லது மின்தடை. சில மணி நேரம், மிஞ்சினால் மூன்று நான்கு நாள். இரண்டாவது, பெரிய சேதம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தபோது ஆறு கரைபுரண்டு ஓடியது, வீட்டுக் குழாயோ மாதக்கணக்கில் வறண்டு கிடந்தது. மூன்றாவது, அசல் வறட்சி. 2015–16இல் வெருலம் அருகே உம்ட்லோட்டி ஆற்றின் மேலுள்ள ஹேசல்மியர் அணையில் நீர் இறங்கி, அதை நம்பியிருந்த ஊர்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டி வந்தது.

குழாய் நிற்பது வேறு, மழை நிற்பது வேறு. முதல் இரண்டு வகையில் வானம் உங்கள் பக்கம் இருக்கலாம். மூன்றாவதில் வானமே கை விரித்துவிடும். எதை வாங்குவது என்ற முடிவு இந்த வித்தியாசத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் லிட்டர் கணக்கு. குடிக்க, சமைக்க, உடம்பைத் துடைத்துக்கொள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்பது அடிமட்டம். 2018 பிப்ரவரியில் கேப் டவுன் விதித்த உச்சவரம்பு தலைக்கு 50 லிட்டர். சிரமம்தான், ஆனால் ஒரு நகரமே அதில் வாழ்ந்து காட்டியது. கணக்குப் பார்க்காமல் புழங்கும் வீட்டில் 150 லிட்டர் சர்வசாதாரணம்.

ஐந்து பேர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் வீதம் நாளுக்கு 250. 5,000 லிட்டர் தொட்டி 20 நாள் வரும். 150 வீதம் புழங்கினால் அதே தொட்டி ஏழாம் நாளைத் தாண்டாது. இன்னொரு தொட்டி வாங்குவதைவிடப் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு மலிவு என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியவை: அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, மின்சாரம் போனால் வருமா, பில்லில் எழுதாத செலவு என்ன, வீடு சொந்தமா வாடகையா. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவுட்பில்டிங்கில் (வீட்டு வளவுக்குள் தனியே கட்டிய சிறு வீட்டில்) குடியிருப்பவர் சிமெண்டுத் தளம் போட்டுத் தொட்டி நிறுத்தினால், காலி செய்யும் நாளில் தளம் வீட்டுக்காரருக்குத்தான்.

| | குழாய்நீர்த் தொட்டி | கூரை மழைநீர் | போர்ஹோல் | டேங்கர், கேன் |
|---|---|---|---|---|
| மூன்று நாள் தடை | மிக நன்று | மழைக்காலத்தில் நன்று | நன்று, மின்சாரம் இருந்தால் | போதும் |
| மாதக்கணக்கில் நிலையம் பழுது | டேங்கர் நிரப்பினால் மட்டும் | அக்டோபர்–மார்ச்சில் மிக நன்று | மிக நன்று | உடம்பு நொந்துபோகும் |
| நீண்ட வறட்சி | முறைவைத்து விடும்போது நன்று | கைவிடும் | கடைசி வரை தாக்குப்பிடிக்கலாம் | கட்டாயத் துணை |
| குடிக்க | புதிதாக இருந்தால் சரி | காய்ச்சி அல்லது குளோரின் இட்டு | ஆய்வகச் சோதனைக்குப் பிறகே | குளோரின் இட்டு |
| மின்சாரம் | பம்ப் இருந்தால் தேவை | வாளியில் பிடித்தால் தேவையில்லை | கட்டாயம் | தேவையில்லை |
| ஒளிந்திருக்கும் செலவு | தளம், பம்ப், வால்வுகள் | கூரையோர வாய்க்கால், வடிகட்டி, சுத்தம் | உறைக்குழாய், சோதனை, வடிகட்டி, மின்கட்டணம் | நேரம், முதுகு |

## எதையும் வாங்குமுன்: மீட்டரைப் படியுங்கள்

இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். காலையில் யாரும் கழிவறைக்குப் போகும் முன் மறுபடி பாருங்கள். சிவப்பு நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் தின்கிறது. வறட்சிக்கால அடிமட்டக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு ஆளின் பங்கு அது. கழிவறைத் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் சத்தமே இல்லாமல் இதைப்போலப் பல மடங்கு போகும். கண்டுபிடிப்பது எளிது: மேல்தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சளைக் கரைத்து விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கிண்ணத்தில் மஞ்சள் இறங்கியிருந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

பழைய 9 லிட்டர் மேல்தொட்டிக்குள் மணல் நிரப்பிய 2 லிட்டர் பாட்டிலை நிறுத்திவையுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் நாளுக்கு 50 லிட்டர் மிச்சம். செங்கல்லைப் போடாதீர்கள். அது கரைந்து, துகள் வால்வில் சிக்கி, இல்லாத கசிவை உண்டாக்கும்.

அளவு கூடக் கூடத் தண்ணீர்க் கட்டணத்தின் விகிதமும் ஏறும். அதனால் கசிவில் போகும் லிட்டர்கள்தான் பில்லிலேயே விலை கூடியவை. அதை அடைத்துவிட்டு மேலே படியுங்கள்.

## முதல் வழி: குழாய்நீரைச் சேமிக்கும் தொட்டி

பெரும்பாலான வீடுகளுக்கு இதையே முதலில் சொல்வோம். தண்ணீர் முன்பே சுத்திகரிக்கப்பட்டது. முறைவைத்து விடும்போது, வரும் நாளில் நிரப்பி வராத நாளில் எடுக்கலாம். ஒரே நாளில் பொருத்திவிடலாம்.

தொட்டியைவிடத் தளத்தில் கவனம் வையுங்கள். 5,000 லிட்டர் என்பது 5 டன், ஒரு சின்ன லாரியின் பாரம். மண்ணைக் கெட்டித்து, கம்பி வலை போட்டு, 100 மி.மீ. கனத்தில் கான்கிரீட் தளம், தொட்டியைவிடச் சுற்றிலும் 10 செ.மீ. அகலமாக. அடிப்பாகம் முழுக்கத் தளத்தில் உட்கார வேண்டும். நான்கு பிளாக்கின் மேல் பலகை போட்டு ஏற்றிய தொட்டி முதல் கோடையிலேயே அடிவயிறு பிதுங்கி, வெளியேறும் குழாயைச் சுற்றிக் கீறல் விடும். சரிவான மனைகளில் தளத்தின் கீழ்ப்பக்கம் மண் அரிக்காமல் ஒரு சின்ன அணைப்புச் சுவரும் வேண்டும்.

வீட்டுக் குழாயோடு இணைக்க இரண்டு முறைகள் உண்டு. தெருத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் விழுந்து, அங்கிருந்து பம்ப் வழியாக வீட்டுக்குப் போவது ஒன்று. இதில் தண்ணீர் தினமும் புதிதாகும். ஆனால் மின்சாரம் போன நேரமெல்லாம் குழாயும் போகும். வீடு எப்போதும்போல் நேரடியாகத் தெருக்குழாயில் ஓடி, அது நின்றால் மட்டும் வால்வைத் திருப்பித் தொட்டிக்கு மாறுவது மற்றது. மின்தடைக்கு இது பரவாயில்லை. இதில் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி, குளோரின் பறந்துவிடும். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமைத் துணி துவைப்பைத் தொட்டித் தண்ணீரில் செய்வது என்று வைத்துக்கொண்டால் அந்தக் குறை தீர்ந்தது.

இரண்டாம் முறையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. தெருக்குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வைக்காமல் விடுவது. தெருவில் அழுத்தம் இல்லாத நேரத்தில் உங்கள் பம்ப், எதிர்ப்பில்லாத பக்கமாகத் தெருக்குழாய்க்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும். 5,000 லிட்டரும் ஒரே இரவில் காணாமல் போகும். காலையில் பம்ப் வெறும் காற்றில் ஓடிச் சூடேறிக் கிடக்கும். அந்த வால்வின் விலை பம்ப் விலையில் ஒரு சிறு பங்குகூட வராது. தொட்டிக்குள் விழும் குழாயின் வாய், நிரம்பிய நீர்மட்டத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அந்தக் காற்று இடைவெளிதான் தொட்டித் தண்ணீர் ஊர்க்குழாய்க்குள் உறிஞ்சப்படாமல் காக்கிறது. பம்பை நேராகத் தெருக்குழாயில் மாட்டுவது விதிமீறல். அது அண்டைவீட்டின் தண்ணீரைப் பிடுங்கும், உடைந்த இடங்கள் வழியாகச் சாக்கடையையும் குழாய்க்குள் இழுத்துவிடும்.

பம்புக்கு 0.75 கிலோவாட் போதும். தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கும் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வாங்குங்கள். பம்ப் வேண்டாம், உயரத்தில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.1 பார். மூன்று மீட்டர் தாங்கியில் ஏற்றினாலும் 0.3 பார்தான். வாளி நிரம்பும், ஷவர் ஒழுகும், துணி இயந்திரம் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை. முறைவைத்து விடும்போது நடுநிசியில் மெல்லிசாகத் தண்ணீர் வரும். முற்றத்துக் குழாயில் வரும், இரண்டு மீட்டருக்கு மேல் உள்ள தொட்டி வாய்க்கு ஏறாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு உயரத் தொட்டிக்குப் பதில் 1,000 லிட்டர் குட்டைத் தொட்டிகள் இரண்டு மூன்றை அடியில் குழாயால் இணைத்து வைப்பது மேல். தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் காற்றும் பின் செம்மண் கலங்கலும் வரும். தொட்டிக்குப் போகும் வால்வை அடைத்துவைத்து, தோட்டக் குழாயில் வாளிகளில் பிடித்துத் தெளியும்வரை விட்டு, பிறகு தொட்டிக்குத் திறங்கள். கலங்கலில் வரும் மணல் மிதவை வால்வில் சிக்கினால் தொட்டி வழிந்து ஓடும், பில் உங்கள் பேருக்கு வரும்.

## இரண்டாம் வழி: கூரைத் தண்ணீர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தெறிப்பு, கசிவு போக 80 விழுக்காடு கைக்கு வரும். டர்பன் கரையோரத்தின் ஆண்டுச் சராசரி சுமார் 1,000 மி.மீ. என்பதால் 100 சதுர மீட்டர் கூரையில் வருடத்துக்கு 80,000 லிட்டர் என்று ஒரு பெரிய எண் வருகிறது. தொட்டி விற்பவர் சொல்வது இந்த எண்ணைத்தான்.

மாதவாரியாகப் பிரித்தால் முகம் மாறும். ஜனவரிச் சராசரி 130 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதே கூரையில் 10,000 லிட்டருக்கும் அதிகம். 5,000 லிட்டர் தொட்டி நிரம்பி, பாதி வழிந்தோடும். ஜூனில் 30 மி.மீ.கூட இல்லை. கிடைப்பது 2,200 லிட்டர் சொச்சம், நம் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒன்பது நாள். வறண்ட வருஷத்தில் மழை பாதியானால் நாலரை நாள். ஆக, கூரைத் தண்ணீர் வறட்சிக்கான மருந்தாகாது. 2022 போன்ற சேதம் மழைக்காலத்தில் நேர்ந்தால் அதற்கும், கோடையில் குழாய்நீரை மிச்சம்பிடிக்கவும் அது அருமையான வழி. இரண்டு தொட்டிக்கு இடமிருந்தால் மார்ச் கடைசியில் இரண்டையும் நிரப்பி மூடிவைத்துக் குளிர்காலத்துக்குள் நுழைவதுதான் இதன் முழுப் பலன்.

கூரை எதனால் ஆனது என்று பாருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள், பெயர்ந்த பழைய பெயிண்ட் என்றால் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் மட்டும். ஓடு, துத்தநாகத் தகடு, கான்கிரீட் பரவாயில்லை.

நம் ஊர்களில் கூடுதலாக ஒன்று உண்டு: கரும்புச் சாம்பல். வெட்டுக்காலத்தில் காடு கொளுத்தும் நாட்களில் கருந்துகள் கொடித்துணியில் மட்டுமா விழுகிறது? கூரையிலும் விழுந்து, மழையில்லாத வாரங்களில் படிந்துகொண்டே இருக்கும். முதல் மழையில் வாய்க்காலில் இறங்கும் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்தால் நீர்த்த மை மாதிரி இருக்கும், மேலே சாம்பல் இழைகள் சுருண்டு மிதக்கும், அடியில் பறவை எச்சம் வெள்ளையாகப் படியும். அது தொட்டிக்குள் போகக் கூடாது. அதற்காகத்தான் முதல் மழையை ஒதுக்கும் குழாய். 100 சதுர மீட்டருக்குக் குறைந்தது 50 லிட்டர் ஒதுக்க வேண்டும். 110 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் எட்டரை லிட்டர்தான் கொள்ளும், ஆறு மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் குழாயைத் தொங்கவிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகும் ஆட்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இடமில்லாவிட்டால் 50 லிட்டர் டிரம் ஒன்றை அதே வேலைக்கு வைக்கலாம். அடியில் சொட்டுச் சொட்டாக வடியும் சிறு துளை இருந்தால், அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். அந்தத் துளை அடைபட்டால் ஏற்பாடே வீண், மாதம் ஒரு தடவை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

கூரையோர வாய்க்காலுக்கு 10 மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. சரிவு. தொட்டியின் எல்லா வாய்களிலும் கொசு நுழையாத நெருங்கிய வலை. மூடியைத் திருகி, கொக்கி போட்டுப் பூட்டுங்கள். வெருலம் பக்கத்துக் குரங்குகள் சும்மா மூடிய மூடியைத் திறக்க இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளாது. வழிந்தோடும் குழாயை அஸ்திவாரத்திலிருந்து தள்ளி விடுங்கள்.

காற்றுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூன் 3ஆம் தேதி டோங்காட்டைத் தாக்கிய டொர்னாடோ சூறாவளி கூரைகளையே பெயர்த்துக்கொண்டு போனது. காலித் தொட்டி காற்றுக்குக் காகிதம் மாதிரி. கால்பங்கு நீராவது எப்போதும் விட்டுவைத்து, பட்டையால் தளத்தோடு கட்டிவையுங்கள்.

குடிக்கும் பங்கை மட்டும் தனியாக எடுத்துக் காய்ச்சுங்கள். இல்லையென்றால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., 3.5 விழுக்காட்டுச் சாதாரண ஜிக் (குளோரின் ப்ளீச்) கலந்து இரண்டு மணி நேரமாவது மூடிவையுங்கள். வாசனை சேர்த்ததும் கெட்டியாக வருவதும் வேண்டாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், கலங்கலில் குளோரின் வீணாகும்.

## மூன்றாம் வழி: போர்ஹோல்

இதில்தான் ஆசையும் ஏமாற்றமும் அதிகம். நம் கரையோரத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் களிப்பாறையும் கெட்டி மணற்பாறையும். ஊருக்கடியில் ஏரி போலத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை, பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. பக்கத்து மனையில் கொட்டுகிறது என்பது உங்கள் மனைக்கு உத்தரவாதமாகாது. துளைப்பவர் கூலி மீட்டர் கணக்கு, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். நிலத்தடி நீர் ஆய்வாளரை வைத்து இடம் குறிக்கும் செலவை மிச்சம்பிடிக்கப் போய், இரண்டு வறண்ட துளைகளுக்குக் காசு கொடுப்பது நல்ல வியாபாரமாகாது.

துளைத்து முடித்த அன்று காற்றழுத்தத்தால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். வீடே கைதட்டும். அந்தக் காட்சியை நம்பாதீர்கள். 165 மி.மீ. துளையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 21 லிட்டர் நிற்கும். 60 மீட்டர் நீர்த்தம்பம் என்றால் சுமார் 1,300 லிட்டர் வெறுமனே துளைக்குள் தேங்கிய நீர். அது தீர்ந்தபின் பாறை எவ்வளவு தருகிறது என்பதே கேள்வி. பம்ப் இறக்கிச் சில மணி நேரம் தொடர்ந்து இறைத்து, நீர்மட்டம் எங்கே நிலைக்கிறது, நிறுத்தியபின் எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

ஊற்று சிறியதாக இருந்தால் உடனே மனம் உடைய வேண்டியதும் இல்லை. நொடிக்கு 0.1 லிட்டர் என்பது கேட்கக் கேலியாக இருக்கும். ஆனால் எட்டு மணி நேரத்தில் 2,880 லிட்டர். தலைக்கு 50 லிட்டர் கணக்கில் ஐந்து பேர் குடும்பங்கள் பதினொன்றுக்குப் போதும். வேண்டியதெல்லாம், மெதுவாக இறைக்கும் சிறிய பம்பும் சேர்த்துவைக்கத் தொட்டியும். பெரிய பம்பை மாட்டினால் துளை வறண்டு, பம்ப் எரிந்து, "போர்ஹோல் செத்துப்போச்சு" என்று பெயராகும்.

தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரமான சான்ஸ் 241 சொல்லும் வரம்புகளில் நம் வீட்டுக்கு முக்கியமானவை: ஈ-கோலி 100 மி.லி.க்குப் பூஜ்யம், நைட்ரேட் நைட்ரஜனாக லிட்டருக்கு 11 மி.கி., ஃப்ளூரைடு 1.5 மி.கி., இரும்பு நிறத்துக்காக 0.3, உடல்நலத்துக்காக 2 மி.கி. இங்கே அடிக்கடி உதைப்பது இரும்புதான். இறைக்கும்போது பளிங்காக இருக்கும். வெள்ளை வாளியில் ஓர் இரவு வைத்தால் காலையில் அடியில் துருநிற மண்டி. அதே தண்ணீரில் வேட்டியைத் துவைத்தால் பழுப்பேறும், பித்தளை விளக்கில் கறை பிடிக்கும். காற்றுப்படும்படி மேலிருந்து தொட்டியில் தெறித்து விழச் செய்து, ஒருநாள் படியவிட்டு, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி போய்விடும். அந்த வடிகட்டியை வாரம் ஒருமுறை எதிரோட்டம் விட்டுக் கழுவ வேண்டும், அதற்கும் தண்ணீர் போகும். உப்பு அதிகமென்றால் விஷயம் வேறு. உப்பைப் பிரிக்கும் இயந்திரம் உள்ளே போன தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே தள்ளும்.

கழிவுநீர்க் குழியிலிருந்து 50 மீட்டராவது தள்ளி இடம் பாருங்கள். துளையின் மேற்பகுதியில் உறைக்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டுக் கலவை ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைநீரோடு முற்றத்து அழுக்கு நேரே ஊற்றுக்குள் இறங்கும்.

சொந்த வீட்டுத் தேவைக்கு நிலத்தடி நீர் எடுக்க 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின் முதல் அட்டவணை உரிமம் கேட்பதில்லை. முனிசிபாலிட்டி பதிவு கேட்கலாம், துளைக்கும் முன் விசாரித்துவிடுங்கள். தண்ணீரை விற்கத் தொடங்கினால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

## டேங்கரும் கேனும்

இதை ஒரு தேர்வாகச் சொல்ல மனம் வரவில்லை. 25 லிட்டர் கேன் என்றால் 25 கிலோ. ஐந்து பேருக்கு அடிமட்டமே நாளுக்கு ஐந்து கேன். வீட்டில் வயதான ஆயா மட்டும் பகலில் இருந்தால் யார் தூக்குவது? இருந்தாலும் கேன்கள் ஐந்தாவது எல்லா வீட்டிலும் இருக்கட்டும். உணவுக்கானவை மட்டும், ரசாயனம் வந்த கேன் கழுவினாலும் வேண்டாம். அகலவாய்க் கேனுக்குள் கை போகும், கையோடு அழுக்கும் போகும். அதனால் குழாய் வைத்த கேன் நல்லது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதோடு 200 லிட்டர் டிரம் ஒன்றும் ஒரு கைப்பம்பும் இருந்தால் நாலு பேர் வீட்டில் மூன்று நாளைச் சமாளிக்கலாம். காலி செய்யும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

## பயன்படுத்திய தண்ணீரை மறுபடி

இதற்குக் காசு கிட்டத்தட்ட இல்லை, மேலே சொன்ன எதனோடும் சேரும். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து, ஐந்தாறு லிட்டரை வேகமாகக் கிண்ணத்தில் ஊற்றினால் ஃப்ளஷ் ஆகிவிடும். மேல்தொட்டிக்குள் ஊற்றாதீர்கள், சோப்பும் முடியும் ரப்பரைக் கெடுக்கும். இந்தத் தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் நாற்றமெடுக்கும். எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய நீர் தோட்டத்துக்கு ஆகாது. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் அமிர்தம். சோப்பு நீரை வாழை, மாமரத்தின் அடியில் விடலாம், கீரைப் பாத்தியில் கூடாது.

## எந்த வீட்டுக்கு எது

பென்ஷனில் வாழும் இருவர், சொந்த வீடு: 2,500 லிட்டர் தொட்டி, தெருக்குழாய் நின்றால் மட்டும் தொட்டிக்கு மாறும் இணைப்பு முறை, சிறிய பம்ப். தலைக்கு 50 லிட்டர் கணக்கில் 25 நாள் வரும். இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

பெரிய கூட்டுக் குடும்பம், நல்ல கூரை, முற்றத்தில் இடம்: 5,000 லிட்டர் குழாய்நீருக்கு, இன்னொரு 5,000 மழைக்கு. இரண்டையும் குழாயால் கலக்க வேண்டாம். மழைத்தொட்டி கழிவறைக்கும் துவைக்கவும் தோட்டத்துக்கும் போகட்டும், குழாய்நீர்த் தொட்டியைச் சமையலுக்கும் குளியலுக்கும் வையுங்கள்.

மேட்டு வீடு, இரவில் மட்டும் தண்ணீர் எட்டிப்பார்க்கும் இடம்: குட்டைத் தொட்டிகள். மழைநீருக்குச் செலவழிப்பது அதற்கு அடுத்துத்தான்.

தனி வீட்டுக்குப் போர்ஹோல் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஏழெட்டு வீடுகள் சேர்ந்தால் ஆகும். அல்லது கோயில். கோயிலுக்கு நாங்கள் தயங்காமல் சிபாரிசு செய்வோம். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழா நம் மழையில்லாத மாதங்களில்தான் வருகிறது. அண்டாக்கள் கழுவ, கூழ் காய்ச்ச, வந்தவர் கைகால் அலம்ப என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சில ஆயிரம் லிட்டர் ஓடும். மற்ற நாட்களில் அதே துளை தெருவுக்கு உதவும். துளைக்கும் முன்பே கமிட்டி மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: மின்கட்டணம் யார் கொடுப்பது, வடிகட்டியை வாரந்தோறும் கழுவுவது யார், நீர்மட்டம் இறங்கினால் யாருக்கு முதலில் நிறுத்துவது. துளையின் மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டுத் திருகாணியால் அடைத்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பம்பை ஓர் இரவு ஓய்வில் வைத்தபின் கயிற்றில் கட்டிய எடையை இறக்கி நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை அந்த எண் மாதாமாதம் கீழே போகும், அது இயல்பு. அடுத்த மார்ச்சிலும் பழைய இடத்துக்கு ஏறி வரவில்லை என்றால், இறைக்கும் மணி நேரத்தை அந்த வாரமே குறைத்துவிட வேண்டும்.